மல்சூன் அக்கா கீழ்ப்படியத் தொடங்கிய வசந்தம்

எங்கள் தீவில் மல்சூன் அக்காவுக்குப் பயப்படாத உயிர் என்று ஒன்றும் கிடையாது. கடற்காகங்கள்கூட அவள் படகைக் கண்டால் இரண்டு மிதவை தள்ளித்தான் உட்காரும். அப்படிப்பட்டவள், ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நிரம்பியிருந்த சபைக்கு நடுவே எழுந்து நின்று, "இன்னியிலேர்ந்து நான் என் புருஷனுக்குக் கீழ்ப்படியப் போறேன். எல்லாரும் சாட்சி" என்று அறிவித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. அது ஞாயிற்றுக்கிழமை வரை நிற்கவில்லை.

நான் அந்தச் சபைப் போதகரின் மனைவி. குவாங்ஜு நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். வாண்டோ துறைமுகத்திலிருந்து நாற்பது நிமிடம் படகில் வந்தால் எங்கள் தீவு. நூற்றிமுப்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சபை. மியோங் போதகர் என்று எல்லோரும் கூப்பிடும் என் கணவரோடு நான் இங்கே வந்து இறங்கிய அன்றைக்கே, எங்கள் பெட்டி படுக்கைகளை எந்த அறையில் எந்தச் சுவரோரம் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தவள் மல்சூன் அக்காதான். எட்டு வருடமாக அலமாரி அங்கேயேதான் இருக்கிறது.

அவள் பிறந்த கதையே வேடிக்கையானது. தாக் குடும்பத்தில் ஆறாவது பெண். ஆண் பிள்ளைக்குக் காத்திருந்த அப்பா வெறுத்துப்போய், கடைசி என்று ஒரு எழுத்தும் அடக்கம் என்று ஒரு எழுத்தும் சேர்த்து மல்சூன் என்று பெயர் வைத்தார். இவளே கடைசிப் பெண்ணாக இருக்கட்டும், அடக்கமாகவும் இருக்கட்டும் என்று வேண்டுதல். இரண்டும் நடக்கவில்லை. அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவளோ பதினொரு வயதில் அப்பாவின் துடுப்பைப் பிடுங்கி, "நீங்க உக்காருங்கப்பா, உங்களுக்கு நேராப் போகத் தெரியல" என்றாள்.

இருபத்துமூன்று வயதில் பெண் பார்க்க ஏற்பாடு. வாண்டோவில் ஒரு தேநீர்க்கடை. மாப்பிள்ளை பியோ தல்சூ ஒரு மணி நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"உங்களுக்குப் பேச்சு வருமா வராதா? அதை மட்டும் சொல்லிடுங்க" என்று கேட்டாள் அக்கா.

"வரும்" என்றார் அவர்.

"அப்ப சரி" என்றாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அதன் பிறகு முப்பத்தொரு வருடம் அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கடலில் கூண்டு கட்டி அபலோன் சிப்பி வளர்ப்பதுதான் இருவருக்கும் தொழில். படகின் பின்பக்கம் நின்று அக்கா ஓட்டுவாள். முன்பக்கம் குனிந்து தல்சூ அண்ணன் சிப்பிகளுக்குக் கடற்பாசி போடுவார். எந்தக் கூண்டுக்கு எவ்வளவு, எப்போது அறுவடை, மகள் ஹேரான் எந்தக் கல்லூரியில் படிக்க வேண்டும், வீட்டுக் கூரைக்கு என்ன நிறம், அண்ணனுக்கு எப்போது பசிக்கும், எல்லாம் அக்கா சொல்வாள். சபைச் சமையலறையும் அவள் கையில். தீவுப் பெண்கள் சங்கமும் அவள் கையில்.

அந்த வசந்தத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்துக்கு சியோலிலிருந்து ஒரு போதகர் வந்தார். கடைசி நாள் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். வெள்ளைப் பலகையில் ஒரு வீடு வரைந்து, கூரைமேல் 'கணவன்' என்று எழுதினார். கிறிஸ்து சபைக்குத் தலையாக இருப்பதுபோல் கணவன் மனைவிக்குத் தலை, மனைவி எல்லாவற்றிலும் அவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் எபேசு சபைக்கு எழுதியதை எடுத்துச் சொன்னார். நன்றாகத்தான் பேசினார். எனக்குக் கொட்டாவி வந்ததற்கு அவர் காரணமில்லை, நூறு பேருக்குச் சமைத்திருந்தேன். பேச்சின் நடுவே பெண்கள் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுக்காரர்கிட்ட, 'உங்களுக்கு என்ன வேணும்'னு கடைசியா எப்ப கேட்டீங்க?" என்றார்.

அப்போதுதான் மல்சூன் அக்கா எழுந்தாள்.

மறுநாள் சமையலறையில் முள்ளங்கி நறுக்கும்போது கேட்டேன். "அக்கா, நெஜமாவா?"

கத்தி நின்றது. "முப்பத்தொரு வருஷம், போதகரம்மா. அந்த மனுஷன்கிட்ட ஒரு தடவைகூட நான் அப்படிக் கேட்டதில்ல. கடைசியா எப்பன்னு அவர் கேட்டாரு. எனக்கு மொதல் தடவையே இல்ல." கண் கலங்கியிருந்தது. முள்ளங்கி நறுக்கினால் யாருக்கும் கண் கலங்காது.

எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள் அக்கா. கீழ்ப்படிதலிலும் முழு வேகத்தில் இறங்கினாள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் கதவு தட்டப்பட்டது. தல்சூ அண்ணன், ரப்பர் பூட்ஸோடு, முகம் வெளுத்து நின்றார்.

"போதகர் ஐயா, ஹேரான் அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"என்ன ஆச்சு, அண்ணே? காய்ச்சலா?"

"என்னை 'என்னங்க'ன்னு கூப்பிடுறா."

அதுவரை அவரை 'யோவ்' என்றுதான் அழைப்பாள். பலமாகக் கூப்பிட்டால் பக்கத்துத் தீவில் இருக்கிற 'யோவ்'களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"கூப்பிட்டா கூப்பிடட்டுமே" என்றார் என் கணவர்.

"கூப்பிட்டுட்டு, இன்னிக்கு என்ன குழம்பு வைக்கட்டும்னு கேக்குறா. உன் இஷ்டம்னேன். என் இஷ்டத்துக்குத்தான் இத்தனை நாள் வெச்சேன், உங்க இஷ்டத்தைச் சொல்லுங்கன்றா. நான் ஓடி வந்துட்டேன். எனக்கு என்ன குழம்பு பிடிக்கும், ஐயா?"

என் கணவர் யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை.

பயத்தில் அண்ணன் சோயா விழுதுக் குழம்பு என்று சொல்லிவைத்தார். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் அதையே சொன்னார். சொல்லிப் பழகிய ஒரே பதில் அதுதான். பதினோரு நாள் தொடர்ந்து அந்த வீட்டில் அதே குழம்பு. அக்கா ஒரு வார்த்தை முனகவில்லை. ஆனால் ஞாயிறு ஆராதனையில் அவர்கள் வந்து உட்கார்ந்ததும் குழம்பு மணத்தில் முன்வரிசைக்குப் பசிக்க ஆரம்பித்தது.

பிறகு படகு. தலை என்றால் படகையும் தலைதான் ஓட்ட வேண்டும் என்று அக்கா பின்பக்கத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு முன்னால் போய் மடியில் கைவைத்து உட்கார்ந்தாள். பத்தாவது நிமிடத்தில் படகு பான் மூப்பர் கடற்பாசி வளர்க்கும் கயிறுகளுக்குள் புகுந்து சிக்கிக்கொண்டது. இரண்டு மணி நேரம். அண்ணன் வியர்த்துப்போய் ஒவ்வொரு கயிறாக விடுவிக்க, அக்கா முன்னால் உட்கார்ந்து பாமாலைப் பாட்டு பாடிக்கொண்டிருந்தாளாம். கரையில் நின்று பாதித் தீவு பார்த்தது. நானும்தான் பார்த்தேன். போதகர் மனைவி சிரிக்கக் கூடாதென்று கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன்.

பான் மூப்பர் தன் படகில் பறந்து வந்தார். அறுபத்தேழு வயது. போதகரோடு சேர்ந்து சபையை நடத்தும் மூப்பர்களில் மூத்தவர். வேதத்தில் கமா எங்கே வரும் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். கோபக்காரர், ஆனால் பொய் பேச மாட்டார்.

"ஏம்மா மல்சூன்! நீ எதுக்கு இந்தப் படகுல உக்காந்திருக்க? 'வலப்பக்கம் திருப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவர் கேக்கலீங்க, ஐயா. தலை கேக்காம உடம்பு எப்படிப் பேசும்?"

"கயிறு அறுந்துபோச்சும்மா!"

"கீழ்ப்படியணும்னு நீங்களும்தானே ஆமென் சொன்னீங்க. உங்க ஆமென்தான் ரொம்பச் சத்தமாக் கேட்டுச்சு."

மூப்பர் தன் படகைத் திருப்பிக்கொண்டு போனார்.

சமையலறையில் இதே பேச்சாகக் கிடந்தது. மூப்பரின் மனைவி யோன்சிம் அம்மா மட்டும் கிண்டலில் சேரவில்லை. "நான் நாப்பத்தாறு வருஷமா கீழ்ப்படியிறேன். இடுப்பு வலி மாதிரிதான். பழகிட்டா, அது இருக்கிறதே மறந்துபோகும்" என்று சொல்லிவிட்டுத் தட்டு கழுவப் போய்விட்டார். 

மே மாதத்தில் அண்ணன் கயிறு வாங்க வாண்டோ சந்தைக்குத் தனியாகப் போனார். அக்கா என்ன கயிறு, எந்தக் கடை என்று வழக்கம்போல் பட்டியல் எழுதித் தரவில்லை. "உங்களுக்கு என்ன தோணுதோ வாங்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். மாலைப் படகு வந்தபோது துறையில் நாங்கள் நாலைந்து பேர் நின்றிருந்தோம். அண்ணன் இறங்கினார். கையில் கயிறு இல்லை. நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பழைய சிவப்பு அக்கார்டியன் வைத்திருந்தார். கைக்குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி.

"என்னங்க இது?" என்றாள் அக்கா.

அண்ணனின் காது இரண்டும் சிவந்தன. "என்ன வேணும்னு கேட்டுட்டே இருந்தியே. எனக்கு… இது வேணும்."

பட்டாளத்தில் இருந்தபோது பக்கத்துக் கூடாரத்தில் ஒருவன் வாசிப்பானாம். இருபது வயதிலிருந்து ஆசை. முப்பத்தேழு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

பழைய அக்காவாக இருந்திருந்தால் அந்தப் பெட்டி அதே படகில் திரும்பிப் போயிருக்கும்.  அக்காவின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மீன் கூடைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். "வாசிங்க! வாசிச்சுக் காட்டுங்க, என்னங்க!"

அவர் வாசித்தார். அது பாட்டு என்று சொல்ல மாட்டேன். துறையில் நின்ற மூன்று நாய்களும் சேர்ந்துகொண்டன. ஆனால் வாசிக்கும்போது அவர் சிரித்தார்.

"போதகரம்மா, பாத்தீங்களா?" என்று மறுநாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்துநாலு வயதுக்காரியின் முகம் பதினாறு வயதுக்காரியுடையது மாதிரி இருந்தது. "அவருக்கு வலது கன்னத்துல குழி விழுது! இத்தனை வருஷம் நான் பின்னால நின்னு அவர் முதுகைத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்."

அந்தக் கோடை முழுவதும் அந்த வீட்டில் ஒரே கூத்து. அண்ணனுக்கு ஆசைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. புதன்கிழமை மத்தியானம் கடலுக்குப் போக வேண்டாம் என்றார். போகவில்லை. இருவரும் மலைமேல் ஏறி, உப்புப் போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு தின்றுவிட்டு வந்தார்கள். கூரைக்கு நீல வண்ணம் பிடிக்காது, ஆரஞ்சு வேண்டும் என்றார். ஏணி வைத்து ஏறினாள் அக்கா. ஒருநாள், "இன்னிக்கு நீ தூங்கணும்" என்றார். கட்டளை என்றால் கட்டளை என்று அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே விறைப்பாகப் படுத்திருந்தாளாம். எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மாலை ஜெப மணி அடித்தபோதுதான் எழுந்தாள். "பகல்ல தூங்கினா இப்படி இருக்குமா, போதகரம்மா? இதை ஏன் எனக்கு யாரும் முன்னாடியே சொல்லல?"

எல்லாம் தேன் என்று சொன்னால் பொய். ஜூலையில் புயல் எச்சரிக்கை வந்த அன்று, எந்தக் கூண்டுகளை உள்வளைகுடாவுக்கு இழுப்பது என்று அண்ணனால் முடிவு செய்ய முடியவில்லை. அக்கா கழுத்துத் துண்டின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். காற்று ஏறிக்கொண்டே போயிற்று.

"சொல்லேன், ஹேரான் அம்மா!"

"நீங்கதான் சொல்லணும்."

அண்ணன் வானத்தைப் பார்த்தார், கூண்டுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி. தலையாவே சொல்றேன். இன்னியிலேர்ந்து கடல்ல நீ சொல்றதுதான். இது என் கட்டளை. மீறினா எனக்குக் கோவம் வரும்."

துண்டு வாயிலிருந்து விழுந்தது. "வடக்கு வரிசை மொத்தமும் இழு! யோவ்! சீக்கிரம்!" என்ற சத்தம் மலைமேல் இருந்த எங்கள் வீட்டுக்குக் கேட்டது. ஒரு கூண்டும் போகவில்லை.

புயலுக்குப் பிறகு அண்ணன் வேதத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எபேசுக் கடிதத்தை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார்.

"ஐயா, நான் எண்ணிப் பாத்துட்டேன். பொண்டாட்டிக்கு மூணு வசனம். அதுக்கப்புறம் புருஷனுக்கு எட்டு ஒம்பது வருது. அந்த சியோல் போதகர் என் பங்கை ஏன் வாசிக்கவே இல்ல?"

"நேரம் ஆயிருக்கும், அண்ணே" என்றார் என் கணவர். "மனைவியைக் கீழ்ப்படியச் சொல்றதுக்கு ஒரு வரி முன்னாடி பாருங்க. எல்லாரையும் ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படியச் சொல்லுது. அப்புறம் புருஷன்கிட்ட, கிறிஸ்து சபைக்காகத் தன்னையே குடுத்த மாதிரி நீயும் உன்னைக் குடுன்னு சொல்லுது. அதிகாரம் பண்ணுன்னு எங்கயும் சொல்லல."

"அப்ப பான் மூப்பர் சொல்றது தப்பா?"

"தப்புன்னு சொல்ல மாட்டேன். தேவன் ஆதாமை முதல்ல படைச்சதுலயே ஒரு ஒழுங்கு இருக்குன்னு அவர் நம்புறார். நல்ல மனுஷங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. நானே சில நாள் அந்தப் பக்கம், சில நாள் இந்தப் பக்கம்."

"எந்த நாள் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்" என்று நான் உள்ளேயிருந்து சொன்னேன். என் கணவர் இருமினார். அன்றைக்கு, பார்ப்போமே என்று அவரிடம் நானும் கேட்டேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. கொஞ்சமும் யோசிக்காமல், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் யாரும் கதவைத் தட்டக் கூடாது" என்றார். மனுஷன் எத்தனை வருடமாக அதை நாக்கு நுனியில் வைத்திருந்தாரோ.

இலையுதிர் காலத்தில் மூப்பர் ஒருவர் ஓய்வு பெற்றார். ஒரு இடம் காலி. பெண்களும் மூப்பராகலாம் என்று எங்கள் திருச்சபை சட்டம் இருபது வருடத்துக்கு முன்பே மாறிவிட்டது, ஆனால் அது படகேறி எங்கள் தீவுக்கு வரவில்லை. சபைக் கூட்டத்தில் யாரை நிறுத்தலாம் என்று என் கணவர் கேட்டதும் சமையலறைப் பக்கமிருந்து நாலைந்து குரல் ஒன்றாக வந்தது. "தாக் மல்சூன்!"

பான் மூப்பர் எழுந்தார். "எனக்கு மல்சூன்மேல ஒரு கோவமும் கிடையாது. கயிறு அறுந்ததையும் மன்னிச்சுட்டேன். ஆனா சபையில ஆணுக்குமேல பெண் அதிகாரம் பண்ணக் கூடாதுன்னு பவுல் எழுதினதை நான் எப்படி அழிக்கிறது? என்கிட்ட ரப்பர் இல்ல."

சிரிப்பு வந்தது, ஆனாலும் சிலர் தலையாட்டினார்கள். எல்லோரும் மல்சூன் அக்காவைப் பார்த்தோம். சண்டைக்கு எழுவாள் என்று நினைத்தால், அவள் மெதுவாக எழுந்து, "ஐயா சொல்றது எனக்கும் உறுத்துது" என்றாள். "நானே இப்பத்தான் கீழ்ப்படியக் கத்துக்கிட்டு இருக்கேன். நடுவுல போய் ஆளச் சொன்னா எப்படி? என் வீட்டுக்காரர் நில்லுன்னா நிக்கிறேன். வேணாம்னா விட்டுடுங்க."

இப்போது எல்லோரும் தல்சூ அண்ணனைப் பார்த்தோம். அந்தச் சபையில் பிறந்து, அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்று, ஐம்பத்தேழு வருடத்தில் ஒரு கூட்டத்திலும் அவர் பேசியதில்லை. விக்கல் பிடித்துக்கொண்டது. முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான் வீட்டுக்குத் தலை" என்றார். விக்கல். "மூப்பர் ஐயாவும் அப்படித்தான் சொல்றாரு. பொண்டாட்டி எல்லாத்துலயும் எனக்குக் கீழ்ப்படியணும்." விக்கல். "நான் கட்டளை போடுறேன். ஹேரான் அம்மா, நீ மூப்பருக்கு நில்லு." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சபை முழுக்கப் பார்த்தார். "இப்ப, என் பொண்டாட்டி புருஷன் பேச்சைக் கேக்கக் கூடாதுன்னு சொல்றவங்க யாராவது இருந்தா, எந்திரிங்க."

ஒருவரும் எழவில்லை. முதலில் சிரித்தது யோன்சிம் அம்மா. சின்னதாகக் குலுங்கி, வாயைப் பொத்தி, முடியாமல், வெடித்துச் சிரித்துவிட்டார். அது பெஞ்சு பெஞ்சாகத் தாவியது. என் கணவர் மேடைக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடுவதுபோல் நடித்தார். பான் மூப்பர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், "அவன் சொல்றதுல தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் வேணும்" என்றார். வாக்கெடுப்பு அடுத்த ஞாயிறுதான். ஒரு வாரம் கிடைத்தது.

புதன்கிழமை மத்தியானம் அவர் தல்சூ அண்ணன் வீட்டுக்குப் போனார், மனத்தை மாற்றலாம் என்று. சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டார். அக்கார்டியன் கேட்கச் சொன்னார்கள், அதையும் பொறுத்துக்கொண்டார். பிறகு படைப்பின் ஒழுங்கைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் கேட்டார்: "ஐயா, வீட்டம்மாவுக்கு என்ன வேணும்னு நீங்க என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

"அவளுக்கு என்ன குறை?"

"குறையைக் கேக்கல, ஐயா. என்கிட்டயும் யாரும் குறையைக் கேக்கல."

மூப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். வீட்டுக்குப் போனதும், சட்டையைக் கழற்றும் முன்பே கேட்டிருக்கிறார். யோன்சிம் அம்மா உலர்ந்த பாசியை மடித்துக்கொண்டிருந்தாராம்.

"உனக்கு என்ன வேணும்?"

"எதுக்கு?"

"சும்மா. கேக்கத் தோணிச்சு."

யோன்சிம் அம்மா பாசியைக் கீழே வைத்தார். "எனக்கு மல்சூனுக்கு ஓட்டுப் போடணும்."

அந்த இடத்தில் இருந்திருக்க நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். மூப்பர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாராம். பிறகு, "கேட்டுட்டேன். இனி என்ன பண்றது? போடு" என்றாராம். தன் வாக்கு அந்தப் பக்கம் போகாது என்பதையும் உடனே சொல்லிவிட்டார். அவர் பொய் பேச மாட்டார் என்று சொன்னேன் அல்லவா.

ஞாயிறன்று ஐம்பத்தெட்டுப் பேர் வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அக்காவுக்கு நாற்பத்துமூன்று. பூசானிலிருந்து ஹேரான் தொலைபேசியில் கத்தியது ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்குக் கேட்டது. தல்சூ அண்ணன், தான் எழுதிய சீட்டை எண்ணினார்களா என்று என் கணவரிடம் மூன்று முறை கேட்டார்.

மூப்பராக அபிஷேகம் பெறும் நாளில் அக்கா எங்கள் பாரம்பரிய உடையான ஹன்போக்கை வெள்ளைப் பட்டில் உடுத்தி, முந்தின நாள்தான் வாண்டோவில் சுருட்டிவிட்ட முடியோடு வந்து முழங்காலில் நின்றாள். மூப்பர்கள் தலைமேல் கை வைக்க வேண்டும். பான் மூப்பர் வருவாரா என்று எல்லோருக்கும் சந்தேகம். அவர் எழுந்து முன்னால் வந்தார். "நான் வேணாம்னுதான் போட்டேன். சபை வேணும்னு போட்டுருச்சு. சபைக்கு நான் கீழ்ப்படியாம, அடுத்தவங்களுக்குக் கீழ்ப்படிதலைப் பத்திச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கையை வைத்தார்.

 சபையே அசையாமல் நின்றது. அந்தப் பரிசுத்தமான நொடியில், எண்ணெய் பூசிப் பளபளத்த சுருட்டைமுடியில் மூப்பரின் கை வழுக்கி அக்காவின் காதில் போய் நின்றது. மறுபடி ஏற்றினார். மறுபடி வழுக்கியது. அக்காவின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று பின்வரிசை கண்ணைத் துடைத்தது. எனக்குத் தெரியும், அது அழுகை இல்லை. "சிரிக்காதம்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன மூப்பருக்கே சிரிப்பு வெடித்தது. என் கணவர் ஜெபத்தை மூன்று இடத்தில் விட்டுவிட்டு ஆமென் சொல்லி முடித்தார். ஒருவரும் குறை சொல்லவில்லை.

அடுத்த வாரம் முதல் மூப்பர் கூட்டம். என் கணவர், பான் மூப்பர், இன்னொரு மூப்பர், மல்சூன் அக்கா. நான்கு பேர் மேசையைச் சுற்றி. மூலையில் கெட்டில், காகிதக் கோப்பை, காபித் தூள் பொட்டலங்கள். இத்தனை வருடமும் யாராவது ஒரு பெண் வந்து கலக்கிக் கொடுத்துவிட்டுப் போவாள். இன்றைக்கு அறையில் ஏற்கெனவே ஒரு பெண் இருப்பதால் வேறு யாரும் வரவில்லை. ஆண்கள் மூவரும் கெட்டிலைப் பார்த்தார்கள். அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். பழக்கத்தில் அவை தாமாக எழுந்து போய்விடுமோ என்று பயமாக இருந்ததாம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

பான் மூப்பர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நான்கு பொட்டலங்களைக் கிழித்தார், வெந்நீர் ஊற்றினார், காலிப் பொட்டலத்தையே சுருட்டிக் கலக்கினார். முதல் கோப்பையை அக்காவின் முன்னால் வைத்தார்.

"குடிச்சுப் பாருங்க, மூப்பரே."

அக்கா ஒரு வாய் குடித்தாள். "இன்னும் கொஞ்சம் சூடு வேணும், ஐயா."

மூப்பர் கோப்பையை எடுத்துக்கொண்டு போய், கெட்டிலை மறுபடி போட்டார்.